ஐந்தேகால் மணிக்கு ஒரு கோடிப் பேர்

அலுவலகத்தில் எல்லாரும் அவரைக் கணீர் என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே கணீர் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கணீர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் கிடந்தது. குரல் அப்படி. பக்கத்து மேசைக்காரரிடம் குண்டூசி கேட்டால்கூட ஏதோ அவசரப் பிரகடனம் மாதிரி இருக்கும். அந்தக் குரலை எடுத்துவிட்டால் மனிதரிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாது. இது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்த வேலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டைத் திட்டுவது. தெருக்குழாயடிச் சண்டை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அதிலாவது ஒரு நேர்மை இருக்கும். இது அரசாங்கத் திட்டு. வெளியுறவு அமைச்சகத்தில் ஜன்னல் திறக்காத ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து, இன்றைக்கு அக்கரையை என்ன சொல்லி வைவது என்று யோசித்து, தட்டச்சு செய்து, மூன்று கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டி வானொலிக்கு அனுப்புவார்கள்; கணீர் அதை மைக்கில் வாசிப்பார். அக்கரை அரசாங்கத்தை அரசு என்று சொல்லக் கூடாது, கும்பல் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே பாலம் கட்டினால் அது "பாலம் என்று சொல்லப்படும் ஒன்று". அங்கே மழை பெய்தால் வெள்ளச் சேதம், இங்கே பெய்தால் விளைச்சல். ஆறு ஒன்று, மேகம் ஒன்று, இரண்டு பக்கமும் பேசுகிற பேச்சும் ஒன்று. பிறகு எதற்கு இந்தத் திட்டு என்று கேட்க அந்த நாலு பேருக்கும் தோன்றவில்லை, வாசித்த இவருக்கும் தோன்றவில்லை.

வெளிநாட்டு ஒலிபரப்புப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது என்ற அட்டை தொங்கித் தொங்கி மஞ்சளாகிப் போயிருந்தது. ஸ்டுடியோ ஒரு சமையலறை அளவுதான். சுவரெல்லாம் துளை போட்ட பலகை, பச்சைத் துணி விரித்த மேசை, ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் குரல் போகிறது என்று அர்த்தம். மேசை ஓரத்தில் லாக் புத்தகம். என்ன வாசித்தோம், எத்தனை மணிக்கு, எந்தத் தடையும் இல்லாமல் போனதா என்று எழுதி, வாசித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் "தடை" என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. அதற்காக இயக்குநருக்கு அமைச்சர் கையால் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவர் போகிறவர் கண்ணில் குத்துகிற மாதிரி மாட்டியிருந்தார்.

அந்த இயக்குநரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை அலைவரிசையை மாற்றினார். மாற்றியதை நேயர்களுக்குத் தெரிவிக்க ஒரு மாதம் தினமும் அறிவிப்புச் செய்தார். எதில்? புது அலைவரிசையில். பழைய இடத்தில் காத்திருந்தவன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். இதைச் சுட்டிக்காட்டிய டெக்னீஷியனுக்கு மெமோ கொடுத்தார்.

நேயர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கணீர் இமைக்காமல் சொல்வார், ஒரு கோடி. கல்யாண வீட்டில், சலூனில், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்ன நேரத்தில்கூடச் சொன்னார். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அச்சாகியிருந்தது, போதாதா? அச்சில் வந்ததை எல்லாம் உண்மை என்று நம்புகிற ஆள்தானே இருபத்திரண்டு வருஷம் அதை உரக்க வாசிக்க முடியும்.

இந்தக் கோடியில் அவர் மனைவி சேர்த்தி இல்லை. டிரான்ஸ்மிட்டர் ஊருக்கு வெளியேதான் நின்றது. அக்கரைக்குப் போகிற ஒலி போகிற வழியில் ஊருக்குள்ளும் கேட்டுத் தொலைக்கும். அடுப்படி அலமாரியில் ஒரு கையடக்க ரேடியோ வைத்திருந்தாள் அந்த அம்மாள். மாலை ஐந்தேகாலுக்குத் திருப்பி வைப்பாள்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சே, சுக்குத் தண்ணி வெச்சுத் தரட்டா?" என்பாள்.

"உன்ன யாரு கேக்கச் சொன்னா? அது உனக்கில்ல, அக்கரைக்காரங்களுக்கு. பேட்டரிதான் தண்டம்" என்பார் இவர்.

சுக்குத் தண்ணீரை மட்டும் குடித்துவிடுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. மூன்றாவது வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகள் மருந்துக்கடை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். ஒரு நாள் காலையில் டாக்டர் இவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், இன்று எங்கேயும் போகாதீர்கள் என்றார். எதற்கென்று யாருக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னார். கணீரும் புரிந்துகொண்டு கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நாலு மணிக்கு வார்டு போனில் இயக்குநர் கூப்பிட்டார்.

"இன்னொரு வாசிப்பாளர் லீவுல போயிட்டான். நீங்க வரலேன்னா அக்கரைல ஒரு கோடிப் பேர் ஏமாந்து போவாங்க. அரை மணி வேலை. தேசம் முக்கியமா இல்லையா, சொல்லுங்க."

போனார். வெட்கமாக இருக்கிறது எழுத, போனார். மனைவி கண்ணைத் திறந்து, "போயிட்டு வாங்க" என்றாள். மகள் மட்டும் வாசல்வரை வந்து, "அப்பா, போகாதீங்க" என்றாள். "ஆறரைக்குள்ள வந்துடறேன்மா, ஒரு கோடிப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். அக்கரைக் கும்பலின் கோதுமை ஊழல் பற்றி ஐந்தேகாலுக்கு வாசித்தார். ஒரு தடுமாற்றம் கிடையாது. லாக்கில் கையெழுத்துப் போட்டார். ஆறரைக்கு வார்டுக்குத் திரும்பியபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாற்பதுக்கே எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு வாரம் மகள் வாயே திறக்கவில்லை. எட்டாம் நாள் நேரே வந்து நின்றாள்.

"அன்னிக்கு நீங்க வாசிச்சீங்களே, அதைக் கேட்ட ஒரு ஆளைக் காட்டுங்கப்பா. கோடியெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு ஆள். காட்டிட்டீங்கன்னா நான் உங்ககூடப் பேசறேன்."

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் ஆறு வருஷம். "சாப்பாடு மேசை மேல இருக்கு." தினமும் அவள் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். கோடிப் பேருடன் பேசிய மகானுக்குச் சொந்த வீட்டில் பேச ஆளில்லை. இப்போது வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். அடுத்த மாதம் கிளம்புகிறாள் என்பதையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துதான் இரண்டு அரசாங்கமும் கைகுலுக்கிக்கொண்டன. என்ன வந்ததோ, ஏது வந்ததோ, ஒரு வியாழக்கிழமை ஒப்பந்தம். பிற்பகல் மூன்று மணிக்குச் சுற்றறிக்கை வந்தது: இன்று மாலையிலிருந்து கும்பல் என்ற சொல் கிடையாது, மாண்புமிகு நட்பு அரசு என்று வாசிக்கவும். புதன்கிழமை ரத்தவெறி பிடித்தவர்களாக இருந்தவர்கள் வியாழன் மாலை மாண்புமிகுவானார்கள். கணீர் இரண்டையும் ஒரே குரலில்தான் வாசித்தார். அவருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. தபால்பெட்டிக்கு உள்ளே போகிற கடிதம் எதுவானால் என்ன?

திட்டுவது முடிந்துபோனால் திட்டுகிறவனுக்கு என்ன வேலை? பிரிவை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதைப் பேசி முடிக்க அக்கரையிலிருந்து ஒரு குழு வந்தது. இயக்குநர் முதல் முறையாக லிஃப்டைப் பழுது பார்க்க வைத்தார். நேற்றுவரை யாரைத் தூற்றிப் பதக்கம் வாங்கினாரோ அவர்கள் கழுத்தில் போடுவதற்காகப் பூமாலையும் கையுமாக நின்றார். பல்லை இளித்து இளித்து அவருக்குத் தாடை வலித்திருக்கும்.

கணீர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் கணக்கு வேறு. வருகிறவர்கள் அக்கரைக்காரர்கள். கோடியில் ஒருவராவது இதில் இருக்க மாட்டாரா? ஒரே ஒரு ஆள் போதும். ஒவ்வொருவரிடமும் போய் வலியப் பேச்சுக் கொடுத்தார், செருமிச் செருமி, குரலை ஒரு கட்டை ஏற்றியே பேசினார். ஒருவர், "உங்களுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். இன்னொருவர் டிரைவர் என்று நினைத்துப் பெட்டியைக் கையில் கொடுத்தார். கணீர் அதையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தேநீர் நேரத்தில் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது.

"நீங்களா! அந்தச் செருமல வெச்சே கண்டுபிடிச்சுட்டேன்."

குழுவுக்குக் குறிப்பெடுக்க வந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

கணீர் சட்டென்று திரும்பினார். "நீங்க... நம்ம ஒலிபரப்பக் கேப்பீங்களா?"

"கேப்பீங்களாவா? பத்தொம்பது வருஷம் சார். ஒரு நாள் விடாம. அதுதான் என் உத்தியோகம். எங்க அமைச்சகத்துல கேட்புப் பிரிவு. நீங்க சொல்றத ஒரு வார்த்தை விடாம டைப் அடிக்கணும். நீங்க ரெண்டு தடவை செருமுனா சாதாரணச் செய்தி. மூணாவது தடவை செருமுனா பெரிய புளுகு வருதுன்னு அர்த்தம். நாங்க பேப்பர் புதுசா மாட்டிக்குவோம்."

அவமானப்படத் தெரிந்த ஆளாக இருந்தால் அங்கேயே பட்டிருப்பார். இவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"அப்போ ஒரு கோடிப் பேர்..."

"அதுவா!" அந்த அம்மாள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அதை எழுதினதே நாந்தான் சார். எங்க அதிகாரி சொன்னாரு, இந்த ரேடியோவ யாரும் கேக்கலேன்னு எழுதினா நம்ம பிரிவ மூடிடுவாங்க, ஆபத்து பெருசுன்னு எழுதும்மான்னு. எத்தனைன்னு போடணும்னு கேட்டேன். நல்லா ரவுண்டா போடுன்னாரு. அந்த அறிக்கைய உங்க உளவுக்காரங்க திருடிட்டு வந்து, உங்க ஆண்டறிக்கைல போட்டுட்டாங்க. அதைப் பார்த்துட்டு எங்க அதிகாரி, பாத்தியா, அவங்களே ஒத்துக்கறாங்கன்னாரு."

இப்படித்தான் இரண்டு அரசாங்கங்கள் பத்தொன்பது வருஷம் வெளியுறவு நடத்தியிருக்கின்றன. ஒருவன் கத்த, ஒருத்தி டைப் அடிக்க. அக்கரையில் கேட்டவள் அவள் ஒருத்திதான், அதுவும் உத்தியோகத்துக்காக. கணீருக்கு இது உறைத்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது கோடி இல்லையே. ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். ஒரு நாள் விடாமல் கேட்டவள்.

தேதியைச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால், இன்ன மாதம், இன்ன நாள், கோதுமை ஊழல் செய்தி. "அன்னிக்குக் கேட்டீங்கதானே? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க மேடம்."

அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தேதிய மறப்பேனா? என் பையனுக்குப் பள்ளிக்கூடத்துல நாடகம் சார் அன்னிக்கு. அவன்தான் ராஜா. உங்க அஞ்சேகால் செய்தியால ஒரு வருஷம்கூட நான் அவன் நாடகத்துக்குப் போனதில்ல. அழுதுகிட்டே போவான். அன்னிக்கு ஹெட்போன மாட்டிட்டு உக்காந்தேன், உங்க பக்கம் வெறும் இரைச்சல். எங்க விதிப்படி பத்து நிமிஷம் காத்திருந்தேன். சத்தமே இல்ல. 'ஒலிபரப்பு இல்லை'ன்னு எழுதி வெச்சுட்டு ஓட்டமா ஓடினேன். அவன் மேடைல ஏறும்போது முன்வரிசைல நான் இருந்தேன். என்னிக்காவது உங்களப் பார்த்தா நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் சார்."

கணீர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இல்லியே. நான் வாசிச்சேனே. பல்பு எரிஞ்சுதே."

"வாசிச்சிருப்பீங்க. வரலியே."

பிறகு அவர் முகத்தைப் பார்த்து என்னவோ ஏதோ என்று அவளுக்குக் கலக்கமாகிவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டாள். பாதிதான் சொன்னார்: மகளுக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டும். அந்த அம்மாள் பையிலிருந்து அமைச்சக முத்திரை போட்ட தாளை எடுத்தாள். "இதுக்கா இவ்வளவு? ஒரு கோடிப் பேரு கேட்டதா எழுதினவ, ஒருத்தி கேட்டதா எழுத மாட்டேனா?" அந்தத் தேதியில், ஐந்தேகால் மணிக்கு, கோதுமை பற்றிய செய்தியைத் தெளிவாகக் கேட்டேன் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நல்ல மனசுதான். எழுதிப் பழகிய கை.

தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கணீர் டெக்னீஷியனிடம் போனார். அலைவரிசைக்காக மெமோ வாங்கியவர் அவர்தான். ஃபியூஸ் என்று கூப்பிடுவார்கள். மெமோ வாங்கிய நாளிலிருந்து அவர் யாருக்கும் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. பழைய ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஆமா சார், அன்னிக்கு மூணு மணிக்கே டிரான்ஸ்மிட்டர் படுத்துடுச்சு. மறுநாள் காலைலதான் எழுந்துச்சு."

"பல்பு எரிஞ்சுதேய்யா!"

"அது ஸ்டுடியோ ஸ்விட்ச்ல மாட்டின பல்பு சார். டிரான்ஸ்மிட்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? படுத்தாலும் வாசிக்கணும்கறது இங்க வழக்கம். நிறுத்தினா 'தடை'ன்னு எழுதணும், அமைச்சகத்துக்கு மூணு பிரதில விளக்கம் கொடுக்கணும். வாசிச்சுட்டா லாக் சுத்தமா இருக்கும். வருஷத்துக்கு ஏழெட்டு தடவை நடக்கும். வாசிக்கறவங்களுக்குச் சொல்ல மாட்டோம். சொன்னா குரல்ல தெரிஞ்சுடும் பாருங்க."

"டைரக்டருக்குத் தெரியுமா?"

"மூணேகாலுக்கே நாந்தான் சொன்னேன். கையெழுத்துப் போட ஆள் இல்லியேன்னு கவலைப்பட்டாரு. அப்புறம் யாருக்கோ போன் பண்ணாரு."

அந்த யாரோ, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இந்த யாரோதான். லாக் புத்தகத்தில் ஒரு கோடு நிரம்ப வேண்டும் என்பதற்காக, சாகக் கிடந்தவள் பக்கத்திலிருந்து ஒரு மனிதனை எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறான் அந்தப் பதக்கக்காரன். தூ!

கணீர் இயக்குநர் அறைக்குப் போனார். அவர் அக்கரைக் குழுத் தலைவரோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். "வாங்க, வாங்க, இவர்தான் எங்க கணீர், ஒரு கோடி நேயர்கள்!" என்று தோளில் கையைப் போட்டு இழுத்து நிறுத்தினார். கணீர் நின்றார். போட்டோவில் சிரித்தும் இருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் எழுதியதை வாசித்த வாய்க்கு, சொந்தமாக ஒரு வசவு வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புத்தகங்கள், துணிகள், அம்மாவின் கையடக்க ரேடியோ. வழியெல்லாம் அவர் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். கட்டிய பெட்டியைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. முத்திரை போட்ட தாள் முத்திரை போட்ட தாள்தானே. அதை நம்பித்தானே வாழ்ந்தார்.

"நீ கேட்டியே, ஒரு ஆள். இந்தா. அன்னிக்கு அஞ்சேகாலுக்குக் கேட்டவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க."

மகள் வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம்கூட இல்லை, அருவருப்புதான்.

"தெளிவாகக் கேட்டாங்களாமா?"

"ஆமாம்மா. தெளிவா."

"அன்னிக்கு நீங்க ரேடியோவுலயே வரலப்பா." ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசினாள். "அஞ்சு மணிக்கு அம்மா கேட்டா, அப்பா குரலையாவது வெய்யிடின்னு. இதே ரேடியோ, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்திருந்தேன். காதுகிட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அஞ்சேகாலுக்கு இரைச்சல். அஞ்சரைக்கும் இரைச்சல். அவ போற வரைக்கும் இரைச்சல்தான். நீங்க ஆபீஸுக்கே போகல. அத எனக்கு அன்னிக்கே தெரியும். எங்க போனீங்கன்னு உங்க வாயால வருதான்னு பாக்கத்தான் ஒரு ஆளைக் காட்டுங்கன்னேன். ஆறு வருஷம் கழிச்சு சீல் குத்தின பொய்யோட வந்து நிக்கறீங்க."

"இல்லம்மா, போனேன். சத்தியமா போனேன். மெஷின் படுத்துடுச்சு. எனக்கு யாரும் சொல்லல. பல்பு எரிஞ்சுது. நான் வாசிச்சேன், அது எங்கயும் போகல. சுவத்துக்கு வாசிச்சிருக்கேன்."

கணீரென்று சொன்னார். அவருக்கு வேறு மாதிரிச் சொல்ல வராது. கோதுமை ஊழலைச் சொன்ன அதே குரல், மாண்புமிகு நட்பு அரசைச் சொன்ன அதே குரல். உண்மை ஒரு நாளும் அந்தத் தொண்டை வழியாக வந்ததில்லை. வந்தபோது அதுவும் செய்தியாகத்தான் வந்தது.

"மெஷின் ஓடலேன்னு தெரியாம அரை மணி நேரம் வாசிக்க வெச்சாங்களா? நீங்களும் வாசிச்சீங்களா? இதை நம்பறதுக்கு நான் என்ன உங்க நேயரா?" என்றாள் மகள். தாளை நாலாகக் கிழித்தாள். ரேடியோவை ஒரு புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அம்மா பைத்தியக்காரி. வெறும் இரைச்சலா இருக்கே, அணைச்சுடட்டான்னு கேட்டேன். அணைக்காதடி, அவரு வாசிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு, நமக்குத்தான் கேக்கலேன்னா. அப்படியே கேட்டுக்கிட்டே கெடந்தா."

கணீர் வாயைத் திறந்தார். இரண்டு தடவை செருமினார். மூன்றாவது தடவையும் செருமல் வந்தது, சொல் வரவில்லை.

மகள் பெட்டியைப் பூட்டிவிட்டு எழுந்தாள். "சாப்பாடு மேசை மேல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.